இரட்டை எஞ்சின் படகில் பாட்டரி அமைக்கும் முறை

படகொன்றில் இரண்டு எஞ்சின்களைப் பூட்டுவோர் வேகம் ஒன்றையே கருதி அங்ஙனம் செய்வதில்லை. நடுக்கடலில் ஒன்று நின்றுபோகுமாயின் மற்றொன்றாவது கரை சேர்க்கும் என்னும் எண்ணமே அவர்க்கு முதன்மையானது. எண்ணம் நல்லதே. ஆயினும் அவ்விரு எஞ்சின்களையும் ஒரே பாட்டரியினின்று கிளப்புமாறு கம்பி கட்டிவிடுவாராயின், கண்ணுக்குத் தோன்றும் எஞ்சின் இரண்டு. கடலுக்குத் தெரிந்த எஞ்சின் ஒன்றே. விளக்கும் வயர்லெஸ்ஸும் எக்கோ கருவியும் இரவெல்லாம் உறிஞ்சி அப்பாட்டரி வற்றியபின், சாவியைத் திருகினால் 'டக்' என்று ஓரொலி எழும். பின்பு ஒன்றும் எழாது. எஞ்சின் இரண்டும் பழுதின்றி இருக்க, படகு மட்டும் அலைபோன போக்கில் மிதக்கும். இந்நிலை நேராதிருக்கப் பாட்டரிகளை எவ்வாறு வைப்பது, எவ்வாறு மின்னேற்றுவது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இது நம்மூர் மாணவர்க்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. முத்தியால்பேட்டையின் கிழக்கெல்லை கடலேயாம். அங்குள்ள சோலைநகர்க் கரையில் முன்னாளில் கட்டுமரங்கள் நின்ற மணலில் இன்று பைபர் படகுகள் நிற்கின்றன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இம்மாற்றம் நம் கரையெங்கும் விரைந்து நிகழ்ந்தது. இவற்றுட் பெரும்பாலன ஒற்றைச் சிறு எஞ்சின் உடையவை. கயிற்றைச் சுற்றி வலித்து இழுத்தால் கிளம்புவன ஆதலின், பாட்டரி இல்லையென்று அவை கடலில் தங்கிவிடுவதில்லை. ஆனால் நூறு குதிரைத்திறன் உள்ள எஞ்சினைக் கைக்கயிற்றால் சுழற்ற எவராலும் ஆகாது. கடலோரக் காவற்படையின் இடைமறிப்புப் படகுகளும், பயணிகளை ஏற்றிச் செல்லும் விரைவுப் படகுகளும் இரட்டை எஞ்சின் கொண்டு ஓடுவன. அவற்றுக்குச் செல்ப் மோட்டாரே கதி. செல்ப் மோட்டாருக்குப் பாட்டரியே கதி. இக்காலத்து எஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெயை அளந்து செலுத்துவதும் மின்பொறியே. மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தால் அத்தகைய எஞ்சின் கிளம்பாமை மட்டுமன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றும் போகும்.

நகருக்குத் தெற்கே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் முகத்துவாரத்தைக் கண்டவர் இதன் கடுமையை எளிதில் உணர்வர். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அவ்வாயிலில் தங்கித் தூர்ந்துவிடுவதும், அதனை வாரி ஆழப்படுத்துவதும் வாடிக்கை. ஆழம் குறைந்த அவ்விடத்தில் அலை உடையும். அங்கே எஞ்சின் அரை நிமிடம் ஓய்ந்தாலும் படகு குறுக்கே திரும்பி அலைக்கு விலாவைக் காட்டிவிடும். இரண்டாம் எஞ்சின் உண்மையாகவே இரண்டாவதாக இருத்தல் வேண்டும் என்பது அத்தகைய இடங்களிலேதான் விளங்கும்.

சேமக்கலம் எனப்படும் மின்னேற்றத்தக்க பாட்டரி பிரெஞ்சு நாட்டவர் கண்டது என்பதைப் புதுச்சேரி மாணவர் அறிந்திருத்தல் தகும். கஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று தொடாதபடி சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, அதனுள் மின்சாரத்தைச் செலுத்திப் பின்னர் திரும்பப் பெற்றார். கமீல் போர் என்பவர் 1881-ஆம் ஆண்டையொட்டித் தகட்டின்மீது ஈய ஆக்ஸைடைக் களிம்பாகப் பூசும் முறையைக் கண்ட பின்னரே அது தொழிலுக்கு உதவும் பொருளாயிற்று. அதே 1881-இல் குஸ்தாவ் துரூவே என்பார் சேன் ஆற்றில் மின்மோட்டார் கொண்டு ஒரு படகை ஓட்டினார். அதற்கும் முன்னே, 1838-இல், யாக்கோபி என்னும் அறிஞர் ருஷியாவின் நேவா ஆற்றில் அவ்வாறு செய்ததுண்டு. இவ்விருவரும் கொண்டு சென்றவை மின்னேற்றிப் பயன்படுத்தும் கலங்களல்ல, தீர்ந்தால் தீர்ந்தவையே. பிளாந்தே, போர் ஆகியோரின் கலமோ இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் நம் படகுகளின் அடித்தட்டில் இருக்கின்றது.

ஒரு கலத்தின் அழுத்தம் சற்றேறக்குறைய 2 வோல்ட். ஆறு கலங்களை வரிசையாகக் கோத்தால் 12 வோல்ட் பாட்டரி. மின்சாரம் வெளியேறுங்கால் இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகின்றது. அமிலம் நீர்த்துப் போகின்றது. மின்னேற்றுங்கால் இது மீளுகின்றது. ஆதலின் அமிலத்தின் ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்தே பாட்டரியின் நிலையை அறியலாம். நிறைந்தது 1.25 முதல் 1.28 வரை காட்டும், 1.20-ஐ அண்மினால் பாதி செலவாயிற்று எனக் கொள்க. மூடிய பாட்டரியாயின், சில மணி நேரம் ஓய்ந்திருக்க விட்டு வோல்ட்மீட்டரால் காண்க. 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நிறைவு, 12.2 பாதி, 11.8 வறட்சி.

இனி, பாட்டரிகள் எல்லாம் ஓரினமல்ல. எஞ்சினைக் கிளப்பும் பாட்டரிக்கு மெல்லிய தகடுகள் பல உண்டு. அது சில நொடிகளுக்கு இருநூறு, முந்நூறு ஆம்பியர் பொழியும். பொழிந்த சிறிதளவை ஆல்ட்டர்னேட்டர் உடனே திருப்பிக் கொடுத்துவிடும். அதனை விளக்கெரிக்க வைத்து அடிக்கடி அடிவரை வற்றவிட்டால் சில மாதங்களில் மாண்டுபோம். விளக்குக்கும் கருவிகளுக்கும் உரியது தடித்த தகடுகளை உடையது. பொழியாது, ஆனால் நெடுநேரம் கசியும். மின்தடைக்காக வீடுகளில் வைக்கும் இன்வெர்ட்டர் பாட்டரி இவ்வினத்தது. (அதனையே எடுத்துப் படகில் வைக்கலாமோ எனச் சிலர் வினவுவர். அதன் உயரம் கடலாட்டத்திற்கு உகந்ததன்று. தாழ்ந்து அகன்ற, படகிற்கென்றே செய்தவற்றை நாடுக.) எவ்வினமாயினும் ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் செலவிடாதிருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது.

ஆகவே இரட்டை எஞ்சின் படகில் பாட்டரி மூன்று வேண்டும். இடப்புற எஞ்சினுக்கு ஒன்று. வலப்புற எஞ்சினுக்கு ஒன்று. விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ்., நீரிறைக்கும் பம்பு ஆகிய அனைத்திற்கும் பொதுவாக ஒன்று. இம்மூன்றன் நேர்முனைகள் தனித்தனியே நிற்க, எதிர்முனைகள் மட்டும் ஒரே செப்புப் பட்டையில் தடித்த கேபிளால் கூடுதல் வேண்டும். எதிர்முனைகளை எதற்குச் சேர்ப்பது, அவையும் தனித்தே நிற்கட்டுமே என்று தோன்றலாம். ஒரு பாட்டரி வற்றியபோது மற்றொன்றின் உதவியால் எஞ்சினைக் கிளப்ப நேரும். அப்பொழுது செல்ப் மோட்டாரின் பெருமின்னோட்டம் திரும்பிச் செல்லத் தடித்த வழியொன்று இல்லையாயின், ஏதேனும் ஒரு கருவியின் நூல்போன்ற கம்பியைத் தேடிக்கொள்ளும். அக்கம்பி பழுத்து எரியும்.

மூன்றையும் தனித்தனியே வைத்தாயிற்று, மின்னேற்றுவது எங்ஙனம்? கிளப்பும் பாட்டரிகளைப் பற்றிக் கவலையில்லை. ஒவ்வோர் எஞ்சினிலும் உள்ள ஆல்ட்டர்னேட்டர் தன் பாட்டரியைத் தானே பேணும். விளக்குப் பாட்டரிக்கே தாயும் தந்தையும் இல்லை. அதனைப் பேணும் வழிகளைச் சற்று விரித்துக் கூறுவோம்.

பழைய வழி, கையால் திருப்பும் பெரிய சுவிச்சு. 'ஒன்று', 'இரண்டு', 'இரண்டும்' என அதில் நிலைகள் இருக்கும். எஞ்சின் ஓடுங்கால் 'இரண்டும்' என வைத்து, நின்றபின் மாற்றிவிட வேண்டும். மாற்ற மறவாத மாலுமியைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை. மறந்த இரவில் எல்லாப் பாட்டரிகளும் ஒன்றாகி ஒருங்கே வற்றும். அன்றியும், எஞ்சின் ஓடும்போது இச்சுவிச்சை முற்றிலும் அணைத்துவிட்டால், போக்கிடம் இழந்த ஆல்ட்டர்னேட்டரின் அழுத்தம் ஒரு கணத்தில் பன்மடங்கு ஏறித் தன் டையோடுகளையே சுட்டுவிடும்.

இரண்டாவது, டையோடுகளால் ஆகிய பிரிப்பான். மின்னோட்டத்தை ஒருவழியே விடும் தன்மையால், விளக்குப் பாட்டரி கிளப்பும் பாட்டரியினின்று ஒன்றும் திருட முடியாது. ஆனால் சாதாரண டையோடு 0.6 முதல் 0.7 வோல்ட் வரை சுங்கம் எடுத்துக்கொள்ளும். ஆல்ட்டர்னேட்டர் 14.4 வோல்ட் கொடுத்தால் பாட்டரிக்குச் சேர்வது 13.7 அளவே. அவ்வழுத்தத்தில் பாட்டரி என்றும் நிறையாது. நிறையாத பாட்டரியில் சல்பேட்டு இறுகும். ரெகுலேட்டர் தன் அளவைப் பாட்டரியின் முனையிலேயே அறியுமாறு அமைத்தால் இக்குறை நீங்கும். அவ்வசதி எல்லா எஞ்சினிலும் இல்லை.

மூன்றாவது, அழுத்தத்தை அறிந்து தானே இணைந்து தானே பிரியும் ரிலே. எஞ்சின் கிளம்பியதும் ஆல்ட்டர்னேட்டர் முதலில் தன் பாட்டரியை நிரப்பும். அங்கு அழுத்தம் 13.3 முதல் 13.7 வோல்ட்டிற்குள் குறித்த அளவை எட்டியவுடன் ரிலே மூடி, விளக்குப் பாட்டரியையும் பந்தியில் சேர்க்கும். எஞ்சின் நின்று அழுத்தம் 12.8 அளவிற்கு இறங்கின் தானே பிரியும். மாலுமியின் நினைவை நம்பாதது, வோல்ட்டைத் தின்னாதது, விலையும் மிகாதது. ஆதலின் சிறு படகிற்கு இதனையே யாம் பரிந்துரைப்போம்.

இரண்டு எஞ்சினுக்கும் இரண்டு ரிலே வைப்பதா, ஒன்றே போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு வைத்தால் ஆல்ட்டர்னேட்டர் இரண்டும் விளக்குப் பாட்டரிக்கு உழைக்கும் என்பது உண்மை. ஆயினும் ஓடும்போது மூன்று பாட்டரிகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்றில் நேரும் கோளாறு மற்றவற்றைத் தொடும். எம் கருத்து, இடப்புற எஞ்சினோடு மட்டும் ரிலேயை இணைத்து, வலப்புற எஞ்சினையும் அதன் பாட்டரியையும் எதனோடும் உறவின்றி விட்டுவிடுதலே சிறப்பு என்பது. படகில் மின்சாரத்தால் வரும் எந்தத் தீங்கும் எட்டாத எஞ்சின் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். இடப்புற எஞ்சின் கெட்டு விளக்குப் பாட்டரிக்கு வரவு நின்றால், கதிரவன் உதவியைப் பின்னர்ச் சொல்வோம். இவற்றோடு, கிளப்பும் பாட்டரி இரண்டையும் ஆபத்துக் காலத்தில் இணைப்பதற்கென ஒரு கைச்சுவிச்சு வேண்டும். எஞ்சின் கிளம்பிய மறுகணமே அதனைத் திறந்துவிடுக. ஓட்டுபவர் கைக்கு எட்டுவதாயினும் சட்டை பட்டுத் திரும்பாதபடி மூடியுடன் அதனைப் பொருத்துக.

விளக்குப் பாட்டரி எவ்வளவு பெரிதாதல் வேண்டும் என்பது கணக்கினால் தெளிவது. இரவு பத்து மணி நேரம் கடலில் இருக்கும் படகொன்றை உதாரணமாகக் கொள்வோம். வழிவிளக்குகள் மூன்று, ஒவ்வொன்றும் 5 வாட்: பத்து மணிக்கு 150 வாட்-மணி. வேலை விளக்கு 20 வாட், ஆறு மணி நேரம்: 120. கேட்கும் நிலையில் வயர்லெஸ் 6 வாட்: 60. எக்கோவும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து 15 வாட்: 150. பம்பு 40 வாட், அரை மணி: 20. ஆகக் கூடுதல் 500 வாட்-மணி. 12-ஆல் வகுக்க ஏறத்தாழ 42 ஆம்பியர்-மணி. பாதிக்குமேல் செலவிடலாகாது என்பதால் இரட்டிக்க 84. கடையில் கிடைக்கும் 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி போதும். பழைய இழைவிளக்குகளையே வைத்திருப்போர்க்கு இக்கணக்கு செல்லாது. அவர்க்கு விளக்கின் பங்கு மட்டும் பன்மடங்காகும்.

செலவான இந்த 42 ஆம்பியர்-மணியை 60 ஆம்பியர் ஆல்ட்டர்னேட்டர் முக்கால் மணியில் நிரப்பிவிடும் என்று ஏட்டுக்கணக்குச் சொல்லும். பாட்டரி அதற்கு இணங்காது. தொடக்கத்தில் ஆவலோடு உண்ணும். ஐந்தில் நான்கு பங்கு நிறைந்தபின் ஒவ்வொரு கவளமாகவே ஏற்கும். கடைசி ஐந்திலொரு பங்கிற்குப் பல மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரம் ஓடி வலையிட்டு, இரண்டு மணி நேரம் ஓடித் திரும்பும் படகில் விளக்குப் பாட்டரி ஒருநாளும் முழுதும் நிறையாது. இக்குறையைத் தீர்ப்பது சூரியத் தகடு. நம் கரையில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழுவெயிலுக்கு ஒப்பான ஒளி கிட்டும் எனக் கொண்டு, இழப்புக்கு நூற்றுக்கு முப்பது கழித்தால், 100 வாட் தகடு 350 வாட்-மணி, அதாவது 29 ஆம்பியர்-மணி அளவு தரும். படகு நங்கூரத்தில் உறங்கும்போதும் அது உழைக்கும். கட்டுப்படுத்தும் கருவியின்றி அதனை நேரே பாட்டரியில் கட்டலாகாது. பாய்மரத்தின் நிழலோ கொடியின் நிழலோ அதன்மேல் விழவும் விடலாகாது. ஒரு கோட்டு நிழலே வரவைப் பெரிதும் குறைத்துவிடும்.

வெப்பத்தையும் கவனித்தல் வேண்டும். குறிப்பேடுகளில் 14.4 வோல்ட் எனக் காண்பது 25 பாகை வெப்பத்திற்கு உரியது. வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஆறு கலப் பாட்டரிக்கு ஏறத்தாழ 0.024 வோல்ட் குறைத்துக் கொடுத்தல் முறை. எஞ்சின் அறையில் 40 பாகை என்றால் 15 பாகைக்கு 0.36, ஆகவே 14.0 வோல்ட்டே தகும். இதனைக் கருதாமல் குளிர்நாட்டு அளவையே நம் கோடையிலும் வைத்திருப்பின் நீர் கொதித்துக் குறையும், தகடு உதிரும். பாட்டரியை எஞ்சினுக்கு அருகே நெருக்கி வைப்போர் கேபிளில் மிச்சம் பிடித்துப் பாட்டரியில் இழக்கின்றனர்.

கேபிளைப் பற்றியும் ஒரு சொல். பாட்டரிக்கும் செல்ப் மோட்டாருக்கும் போகவரச் சேர்த்து 6 மீட்டர் எனவும், மின்னோட்டம் 250 ஆம்பியர் எனவும் கொள்வோம். 35 சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கேபிளில் இழப்பு 0.74 வோல்ட், 16 சதுர மில்லிமீட்டரில் 1.6 வோல்ட். இந்த ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைந்த வேற்றுமையே கிளம்பும் எஞ்சினுக்கும் முனகும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள வேற்றுமை. வெள்ளீயம் பூசிய செப்பிழைகளே உப்புக்காற்றைத் தாங்கும். மோட்டார்க் கடையில் வாங்கும் வெறுஞ்செப்புக் கேபிள் உறைக்குள்ளேயே பச்சை பூத்து இற்றுவிடும். செல்ப் மோட்டாருக்குச் செல்வது ஒழிய, பாட்டரியின் நேர்முனையினின்று புறப்படும் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சாண் தொலைவிற்குள் ப்யூஸ் வைத்திடுக.

லித்தியம் பாட்டரி இவற்றினும் மேலன்றோ எனின், மேலே. ஆயினும் அதன் ஒழுங்கு வேறு. கேரளத்தில் வைக்கத்திற்கும் தவணக்கடவிற்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்னும் சூரியப் படகு, 75 பேரை ஏற்றி, 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டினால், 50 கிலோவாட்-மணி லித்தியம் பாட்டரியைக் கொண்டு ஓடுமாறு அமைந்தது. அது தொடக்கமுதல் அதற்கென்றே வகுக்கப்பட்ட படகு. பழைய டீசல் படகில் ஈயத்தை எடுத்துவிட்டு லித்தியத்தை வைத்தால், அது நிறையும் வரை தளராது உண்ணுமாதலின் ஆல்ட்டர்னேட்டர் காய்ந்து கருகலாம். அதன் காவற்கருவி திடீரெனத் துண்டிக்குமாயின் முன்கூறிய டையோடு ஆபத்தும் உண்டு. இடையே தக்க மின்னேற்றுங் கருவி வைப்பவரே அதனை நாடுக.

பாட்டரிகளை வைக்குமிடம் நீர் தங்கும் அடித்தளத்திற்கு மேலாகவும், காற்றோட்டம் உடையதாகவும் இருத்தல் வேண்டும். மின்னேறும்போது எழும் ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியால் வெடிக்கும். கடல்நீர் கலத்தினுள் புகுந்தாலோ குளோரின் என்னும் நச்சுவாயு பிறக்கும். உலகப் போர்க் காலத்து நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பகைவரின் குண்டுக்கு அஞ்சியவாறே இதற்கும் அஞ்சினர். 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி 25 கிலோவிற்குக் குறையாது. அமிலம் தின்னாத தட்டில் வைத்து, படகு கவிழ்ந்தாலும் அசையாதபடி வாரால் இறுக்குக. கழற்றும்போது எதிர்முனை முதலிலும், பூட்டும்போது எதிர்முனை கடைசியிலும் ஆகுக; ஸ்பானர் நழுவி இரும்பைத் தொட்டாலும் தீப்பொறி எழாது.

இறுதியாக, படகு ஓடாத நாட்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. எஞ்சினை இறக்கிப் பழுது பார்ப்பவர் பாட்டரியை மறந்துவிடுகின்றனர். ஈயப் பாட்டரி வேலையின்றி இருந்தாலும் தானே வற்றும். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் அவ்வற்றல் ஏறத்தாழ இரட்டிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு திங்கள் கிடந்தால் தகட்டில் சல்பேட்டு கல்லாய் இறுகிப் பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் கரையாது. தடை தொடங்கும் நாளில் மூன்றையும் முழுதும் நிரப்பி, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றித் தகடுகளை மூழ்குவித்து, எதிர்முனையைக் கழற்றி நிழலில் வைக்க; திங்களுக்கு ஒருமுறை மீண்டும் நிரப்புக. கடலுக்குப் புறப்படுவதற்கு முன்னாள், ஆபத்துச் சுவிச்சு திறந்திருக்க, ஒவ்வோர் எஞ்சினையும் அதனதன் பாட்டரி ஒன்றினாலேயே கிளப்பிப் பார்த்தல் வேண்டும். செல்ப் மோட்டார் சுழலும்போது வோல்ட்மீட்டரில் 9.6-க்குக் கீழ் இறங்கும் பாட்டரியைக் கரையிலேயே மாற்றிவிடுக.